பதினேழாவது கட்டம்

திராட்சைக் கொடிக்கு அடிக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்த தண்ணீர் துணியில் காய்ந்தால் வரும் துவர்ப்பு வாசனையும், எண்ணெய்ச் சாயத்தை இளக்கும் டர்பன்டைனின் மூக்கைத் துளைக்கும் நெடியும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அப்பா சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் முன்னறை இருக்கும். இரண்டில் எது முன்னால் வருகிறது என்பதை வைத்து, இனி அவர் இலையைப் பார்க்கப் போகிறாரா, முகத்தைப் பார்க்கப் போகிறாரா என்று நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்த வாசனைகளில் ஒன்றாவது இப்போது எங்கேயாவது அடித்தால் எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் ஒரு பயம் வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷத்து ஐப்பசி மழை.

கம்பத்தில் அப்பாவுக்கு இரண்டு பெயர். பள்ளத்தாக்கு முழுக்கப் பந்தல் போட்டுப் பன்னீர்த் திராட்சை வளர்த்தவர்களுக்கு அவர் "இலை டாக்டர்". சாவு விழுந்த வீட்டுக்காரர்களுக்கு, அதாவது எங்கள் பக்கத்துச் சொல்லில் "கேத வீட்டுக்காரர்களுக்கு", அவர் "படக்காரர்". அரசாங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பயிர்நோய் விஞ்ஞானியாக வேலை. பகலெல்லாம் பந்தலுக்கடியில் கழுத்தை வளைத்து இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, முகம் கழுவி, காப்பி குடித்து, ஜன்னலோரம் முக்காலியைப் போட்டு, செத்துப்போனவர்களின் முகங்களை வரைந்துகொண்டிருப்பார். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் எதைச் சொல்வது என்று தெரியாமல் நான் முழித்ததும், "ரெண்டுல எதச் சொல்றதுன்னு தெரியலயாக்கும்?" என்று டீச்சர் சிரித்ததும் நினைவிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களை யாரும் படம் போடச் சொல்வதில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் படம் சுவரில் ஏறியாக வேண்டும் என்பதால், வாக்காளர் அட்டையிலோ கல்யாண வீட்டுக் கூட்டப் படத்தின் பின்வரிசையிலோ பாதி மறைந்து நிற்கிற முகத்தைத் தூக்கிக்கொண்டு அழுத கண்ணோடு ஓடி வருவார்கள். அப்பா அவர்களுக்கு ஆறுதல் சொல்வதில்லை, கேள்விதான் கேட்பார். சிரித்தால் எந்தப் பக்கத்து உதடு முதலில் உயரும், கண்ணில் புரை இருந்ததா, எந்தக் கண்ணில், கடைசி வருஷம் கன்னம் ஒட்டியதா உப்பியதா என்று, பயிர் எப்போது மஞ்சளடித்தது என்று விவசாயியிடம் கேட்கிற அதே குரலில் கேட்பார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம், இறந்துபோன பெரியவரின் மூக்கோரத்து மருவை மட்டும் எடுத்துவிடச் சொல்லி மன்றாடியது. "இருக்கறத எடுக்கறதுக்கு நான் யாருங்க?" என்று சொல்லிவிட்டு அப்பா மருவை மருவாகவே வைத்தார். மகன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கூட வந்திருந்த அந்தப் பெரியவரின் மனைவி படத்தின் அருகே போய் முதலில் தொட்டது அந்த மருவைத்தான்.

அந்தப் பிடிவாதம் அவருக்கு இலையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அவரிடம் நீள நோட்டுகள் சில இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்து இருபத்துநான்கு கட்டங்கள் போட்டிருப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு இலை. கொடியில் அதற்கு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, தினமும் அதே நேரத்துக்குப் போய் அதே இலையை ஒரு கட்டத்தில் வரைவார். முதல் கட்டத்தில் இலை பச்சையாக, முழுசாக இருக்கும். மூன்றாவதிலோ நான்காவதிலோ எண்ணெய் சிந்தினாற்போல ஒரு புள்ளி தோன்றும். பிறகு அது வளரும். கீழே தேதியும், இலையில் நூற்றுக்கு எத்தனை பங்கு போய்விட்டது என்ற எண்ணும் இருக்கும். பதினெட்டிலோ இருபதிலோ ஒரு கட்டத்தில் இலை இருக்காது. குறுக்கே ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கும். இலை உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வேறு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நோட்டுகளைக் கதைப்புத்தகம் போலப் புரட்டியிருக்கிறேன். பெருக்கல் குறி விழாமல் இருபத்துநான்கு கட்டத்தையும் தாண்டிய இலை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மழை விட்டுவிட்டுப் பெய்யாமல் விடாமல் பெய்தது. மேகமலை இருக்கிற திசையே தெரியவில்லை. திராட்சைக்கு மழைக்காலம் ஆகாத காலம். அப்பா நனைந்த சட்டையோடு தோட்டந்தோட்டமாக அலைந்தார். அந்த நாட்களில்தான் அம்மா எனக்குத் தலை பின்னும்போது பாதியில் கையைக் கீழே போட ஆரம்பித்தாள். "கை கடுக்குது, செத்த இரு" என்பாள். செத்த நேரம் கழித்து மறுபடி தூக்குவாள். ஒற்றைச் சடையோடு பள்ளிக்கூடம் போன நாட்களும் உண்டு. பூக் கட்டும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள். கேட்டால், பூ இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். காலையில் கணீரென்று இருக்கிற குரல் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூக்கால் பேசுவது போல ஆகிவிடும். சாப்பிடும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு மென்றாள். அதைப் பார்த்து நான் சிரித்ததாக நினைவு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

உள்ளூரில் ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். மதுரைக்குக் கூட்டிப்போனபோது காலை பத்து மணிக்கு அம்மா, தூங்கி எழுந்த தெளிவில், கண்ணை விரியத் திறந்துகொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். சாயங்காலமானால் கண் சொருகுகிறது என்று அப்பா சொன்னதற்கு, "எல்லாருக்கும் சாயங்காலம் கண்ணு சொருகத்தான் செய்யும் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாளிலிருந்து, சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு, கேத வீட்டுப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னலோரம் அம்மாவை உட்காரச் சொல்லி எதிரே பென்சிலோடு அப்பா உட்கார்ந்துகொண்டார்.

ஒத்தாசைக்கு வந்திருந்த கடமலைக்குண்டுப் பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, அதைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்து, தங்கச்சிக்குத் தலைக்கு வைத்துப் பக்கத்திலேயே கிடந்தவள் அவள். என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், "உசுரோட இருக்க பொம்பளைய எதுக்கு ஆத்தா ஒங்கப்பா படம் போடுறாக? ஆயுசு கொறஞ்சிரும்னு அவுகளுக்குத் தெரியாதா? படிச்சவுகதான?" என்று என்னிடமே கேட்டாள். அப்பாவிடம் நேரே கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு காற்றிடம் கேட்பது போலக் கேட்டாள். "படம் போடல மதினி, பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அப்பா.

அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அப்பா தன் துணிகளைத் தானே துவைக்க ஆரம்பித்தார். மருந்தடித்த தோட்டங்களிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி, அம்மா கைபடாமல் குழாயடிக்குத் தூக்கிப் போய், மழையிலேயே அடித்துத் துவைத்தார். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்ன சார், பதவி ஒசந்துருச்சாக்கும்?" என்று கிண்டல் செய்ததற்கு அப்பா சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் பெரியம்மாவிடம் ரசம் வைக்க எவ்வளவு புளி என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா இல்லாத வீட்டுக்கு அப்பா பழகிக்கொள்கிறார் என்று எனக்குப் பட்டது. அப்படிப் பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று பயம்.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் மழைக்கு விட்டுவிட்டார்கள். அம்மா படுத்திருந்தாள், பெரியம்மா பக்கத்தில் கண்ணயர்ந்திருந்தாள். அப்பாவின் மேசையில் இலை நோட்டு ஒன்று கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். கடைசியாக எழுதிய பக்கத்தில் இலை இல்லை. கட்டத்துக்குக் கட்டம் அம்மாவின் கண்கள் இருந்தன. இமை, கருவிழி, புருவம், மூக்குத் தண்டின் ஆரம்பம், அவ்வளவுதான். முதல் கட்டத்தில் இரண்டு கண்ணும் கொஞ்சம் களைத்தாற்போல இருந்தன. ஐந்தாவதில் இடது இமை ஒரு நூல் இறங்கியிருந்தது. பத்தாவதில் கருவிழியைத் தொட்டிருந்தது. பதினாறாவதில் பாதிக் கருவிழியை மூடியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் தேதி, நூற்றுக்கு இத்தனை என்ற எண். பதினேழிலிருந்து இருபத்துநான்கு வரை எட்டுக் கட்டங்கள் காலியாக இருந்தன.

விரல் வைத்து எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். எட்டேதான். பதினெட்டிலா, இருபதிலா, எதில் அந்தப் பெருக்கல் குறி விழும் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா வரைந்தால்தான் அடுத்த கட்டம் வரும், நோட்டு இல்லாவிட்டால் அவரால் வரைய முடியாது என்பதுதான். ஒன்பது வயதுப் புத்திக்கு அது போதுமானதாக இருந்தது.

முன்னறைப் பரணில் ஒரு படம் சாத்தியிருந்தது. தேவதானப்பட்டிப் பக்கத்துக் கிழவர் ஒருவருடையது. வரையச் சொல்லிப் போனவர்கள் சொத்துத் தகராறில் திரும்பி வரவேயில்லை. அவர் முறைக்கிற முறைப்புக்குப் பயந்து நான் பரண் பக்கமே தலையைத் தூக்குவதில்லை. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை என்பதால் அன்றைக்கு முக்காலி மேல் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நோட்டை அவர் முதுகுக்குப் பின்னால் செருகினேன். இறங்கி முக்காலியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா நோட்டைத் தேடினார். மேசை, அலமாரி, மொபெட்டின் பெட்டி, பழைய பேப்பர்க் கட்டு எல்லாவற்றையும் கொட்டினார். "நாளைக்கு மதுரைக்குப் போகணும், அது வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மதுரைக்குப் போவதற்கு அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. என்னிடம் கேட்டபோது தெரியாது என்றேன். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை என்பதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. விடிந்ததும் நோட்டு இல்லாமலேயே இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். மத்தியானத்துக்கு மேல் திரும்பினார்கள். அதே டாக்டர், அதே காலை நேரம், அம்மாவுக்கு அதே விரிந்த கண். மனசில் கவலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் பெரியம்மா குழைய வடித்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து அம்மாவுக்குக் கொடுத்தாள். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை. அம்மா மிரண்டு எங்களைப் பார்த்தாள். பிறகு ரசம் மூக்கு வழியாக வந்தது. மூச்சு வாங்கவும் முடியாமல், இருமவும் தெம்பில்லாமல் அவள் கையால் தரையைத் தட்டினாள். அப்பா அவளைக் குனிய வைத்து முதுகைத் தட்டி, வாய்க்குள் விரல் விட்டு எடுத்து, மெல்ல மெல்ல மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தார். பெரியம்மா சாமி பெயரெல்லாம் சொல்லி அழுதாள். நோட்டை ஒளித்து வைத்தும் இது நடக்கிறதே என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மா சரிந்து அந்த இலவம்பஞ்சுத் தலையணையில் சாய்ந்தபோது இடது கண் முழுக்க மூடிவிட்டிருந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கிழவருக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா நோட்டின் மேல் ஒட்டியிருந்த ஒட்டடையை வேட்டியில் துடைத்தார். "எதுக்கு ஆத்தா எடுத்த?" என்றார்.

"எட்டுக் கட்டந்தான்ப்பா இருக்கு. முடிஞ்சா அம்மா..."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "கட்டம் முடியறதுக்குள்ள இன்னதுன்னு பிடிச்சிரணும்னுதான் ஆத்தா வரையறேன். காலைல போனா ஒங்கம்மா கண்ணு நல்லா இருக்கு, அவுக நம்ப மாட்டேங்குறாக. இத வச்சுத்தான் நம்ப வைக்கணும்" என்றார்.

விடிகிற நேரத்தில் தெரிந்தவர் ஒருவரின் ஜீப்பில், பெரியம்மாவும் கூட வர, மதுரைக்குக் கிளம்பினோம். என்னை விட்டுவிட்டுப் போனால் கத்தி ஊரைக் கூட்டுவேன் என்று தெரிந்து என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். இந்த முறை அப்பா விசாரித்து வைத்திருந்த வேறொரு டாக்டர், நரம்பு வைத்தியர், வயதானவர். அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் நோட்டைப் பார்த்தார். முதல் கட்டத்திலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்து பதினாறில் நிறுத்தினார். "தெனமும் ஒரே நேரத்துலயா வரைஞ்சீங்க?" என்றார். ஆறு மணிக்கு என்றார் அப்பா. டாக்டர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, கூரையையே பார்க்கச் சொல்லி, இமைக்காமல் இருக்கச் சொன்னார். ஒரு நிமிஷம் போனது. ஜன்னலில் திரை இறங்குவது போல அம்மாவின் இடது இமை எங்கள் எல்லோர் முன்னாலும் இறங்கியது.

"நான் பூச்சிமருந்துக்காரன் டாக்டர். என் துணியத்தான் அவ இத்தன வருஷமா தொவச்சா" என்றார் அப்பா. அவ்வளவு நாளும் அவர் மனசை எது அரித்தது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. குழாயடியில் அவர் துவைத்ததற்கு அதுதான் அர்த்தம்; புளி எவ்வளவு என்று கேட்டதும் அம்மாவை அடுப்படிக்கு விடாமல் இருக்கத்தான். டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். இது மருந்தால் வந்தது இல்லை; நரம்பு சொல்கிற சேதி தசையில் போய்த் தங்க மாட்டேன் என்கிற வியாதி; இதற்கு மாத்திரை இருக்கிறது என்றார். ஓர் ஊசி போட்டு எங்களைக் காத்திருக்கச் சொன்னார். அந்த அரைமணி நேரத்தை நான் சுவர்க் கடிகாரத்தின் முள்ளோடு சேர்ந்து நகர்ந்து கழித்தேன். பெரியம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏ தங்கம், கண்ணு தெறந்துருச்சுடி!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். அம்மா எங்களை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். தண்ணீர் கேட்டாள். விழுங்கினாள்.

அப்பா பென்சிலைத் தேடி எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, பதினேழாவது கட்டத்தை வரைந்தார். வரைந்து முடிக்கும் வரை அழுதுகொண்டேயிருந்தார். எங்கள் அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரையின் பெயரைப் படித்துவிட்டு அவர் பிறகு ஒரு நாள் தனக்குத்தானே சிரித்தார். "நாங்க பூச்சிக்கு அடிக்கிறோமே, அதுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி. அளவுலதான் இருக்கு எல்லாம்" என்றார். அம்மா, "அப்ப என்னையப் பூச்சிங்கிறீக" என்றாள். வீட்டில் பழையபடி பேச்சுச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது.

ஆனால் என் பயம் மாத்திரைக்கு அடங்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போதே, ஜீப்பில், இனி அம்மாவை வரையவே கூடாது என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அப்பா செய்தார். நான் சின்னப்பிள்ளை, மறந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் மறக்கவில்லை, அவரும் மீறவில்லை. ஓய்வு பெற்ற வருஷம் ஒரு நல்ல துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருந்தார். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பேச்சை எடுத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அதில் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரரின் முகம் இருந்தது.

அப்பா அந்த மழைக்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். இதயம் நின்றுபோன மனிதரைப் பதினாறு நாளுக்குள் படமாக்க ஊரில் வேறு படக்காரர் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பையனிடம்தான் கொடுத்தோம். அவன் பெரிதாக்கி, பளபளப்பாக்கி, அப்பாவின் முகவாயில் திராட்சைப் பந்தல் கம்பி கிழித்த தழும்பை "டச்" பண்ணி எடுத்துவிட்டான். இருப்பதை எடுப்பதற்கு நீ யார் என்று கத்த நினைத்தேன். விசேஷத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தழும்பில்லாத அந்த மனிதர்தான் இப்போது எங்கள் சுவரில் இருக்கிறார். அந்த வாடகை வீடும் பரணும் இல்லை; முறைத்த கிழவர் எந்தக் குப்பையில் போனாரோ தெரியாது. ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் அப்பா வரைந்த முகங்கள் மங்கிப்போய் இருக்கின்றன. அத்தனை பேரை வரைந்தவர் கையால் அம்மாவுக்கு ஒரு படம் இல்லை. அவரால் முடியாமலில்லை, நான் விடவில்லை.

நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. பதினேழு கட்டங்களில் அம்மாவின் கண்கள், மீதி ஏழும் வெறுமை. நேற்று அதை எடுத்து அம்மாவிடம் காட்டி, "ஒன்னைய முழுசா ஒரு படமாச்சும் போட விட்டிருக்கலாம்மா, நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன். அவள் நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு மூடினாள்.

"படம் என்னத்துக்கு? நான் இங்கனதான இருக்கேன். பாத்துக்க" என்றாள்.

பார்த்தேன். மணி ஆறாகியிருந்தது. இடது இமை ஒரு நூல் இறங்கியிருந்தது. மாத்திரையும் தண்ணீரும் எடுக்க எழுந்து போனேன்.